விபத்து வழக்குக்கு வக்கீல் தேடுறீங்களா? நாலு பேரை விசாரிங்க, வழக்கு வரலாற்றையும் பாருங்க
விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்களுக்கான வழிகாட்டி

விபத்து நடந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அடிபட்டவர் இன்னும் வார்டில்தான் இருப்பார். அதற்குள் யாரோ ஒருவர் போன் செய்வார். அல்லது மருத்துவமனை வாசலில் டீக்கடைப் பக்கம் வந்து பேச்சுக் கொடுப்பார். "கவலைப்படாதீங்க, நமக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு. ஒரு பைசா செலவு இல்ல. பணம் வந்த பிறகு பாத்துக்கலாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். மனசு உடைந்திருக்கும் நேரத்தில் இப்படி ஒருவர் வந்து பேசினால் தெய்வம் மாதிரி தெரியும். கையெழுத்தும் போட்டுவிடுவோம்.

சென்னையிலிருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தில்தான் புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் பிரிகிறது. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது. இரவு பகல் பாராமல் வண்டிகள் ஓடும் பகுதி இது. விபத்து வழக்கு இங்கே யார் வீட்டுக்கும் வரலாம். அப்படி வரும்போது, அந்த முதல் கையெழுத்தை யாரை நம்பிப் போடுகிறீர்கள் என்பதில்தான் அடுத்த சில வருடம் அந்தக் குடும்பம் எப்படி வாழும் என்பது இருக்கிறது. நல்ல வக்கீலை உங்கள் கையில் இருக்கும் போனை வைத்தே எப்படித் தேடுவது, எதைக் கேட்பது, எதை நம்பக் கூடாது என்று பார்ப்போம்.

முதல் வாரம்: கையெழுத்துக்கு அவசரம் இல்லை

தரகர்கள் முதலில் பிடிப்பது பணக் கஷ்டத்தைத்தான். "ஆஸ்பத்திரி செலவுக்கு இப்ப பத்தாயிரம் வச்சுக்கோங்க" என்று கொடுத்துவிட்டு, பிறகு அதைக் காட்டியே வழக்கைத் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் முதல் சில நாள் சிகிச்சைக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று, திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. இது தவிர, மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, ரூ.1.5 இலட்சம் வரை கட்டணமில்லா சிகிச்சைக்கு வழி இருக்கிறது. மருத்துவமனை உதவி மையத்தில் இந்த இரண்டையும் கேளுங்கள்.

முதல் வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது காகிதங்களைச் சேர்ப்பதுதான். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி என்று சொல்லுவாங்க), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து பில், ஆம்புலன்ஸ் அல்லது கார் வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்தும் வையுங்கள். எஃப்.ஐ.ஆரை தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மோதிய வண்டியின் எண் தெரிந்தால், எம்பரிவாஹன் செயலியில் அந்த எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காவல்துறைக்கும் இதில் கடமை இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, புலனாய்வு அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தை 10 நாளுக்குள் உங்களிடம் தர வேண்டும். விரிவான விபத்து அறிக்கையை 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும்படி உத்தரவிட்டது. எனவே அந்தப் படிவத்தைக் காவல் நிலையத்தில் தயங்காமல் கேட்டு வாங்கலாம்.

ஆனால் ஒரு கெடுவை மட்டும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. இந்தப் பிரிவை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. அது எப்படி முடிந்தாலும் நமக்கென்ன, 6 மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வக்கீலை விசாரித்துத் தேர்ந்தெடுக்க 3, 4 வாரம் எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. 5 மாதம் சும்மா இருந்தால்தான் ஆபத்து.

விளம்பரமும் ஸ்டார் ரேட்டிங்கும் ஏன் உதவாது

'ஆக்சிடென்ட் வக்கீல்' என்று போனில் தேடினால் ஐந்து நட்சத்திரம் போட்ட பெயர்கள் வரும். "நம்பர் ஒன்", "நூறு சதவீத வெற்றி" என்றெல்லாம் இருக்கும். ஹோட்டல் தேடுவது போல இதிலும் தேடலாம் என்று தோன்றும். இந்தியாவில் அப்படி இல்லை.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-வது விதி, வக்கீல்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும், ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடை செய்கிறது. 2008-இல் செய்த திருத்தத்தின்படி, வக்கீல் தன் இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்குகள் நடத்துகிறார் என்பது போன்ற அடிப்படை விவரங்களை மட்டும் போடலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே இது பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. ஆன்லைன் தளங்கள் வக்கீல்களுக்கு மதிப்பெண் போட்டு, கட்டணம் குறித்து, பொருள் விற்பது போல விற்பதை அந்தத் தீர்ப்பு கடுமையாகக் கண்டித்தது. அதன் பின் இந்திய பார் கவுன்சிலும் இப்படி விளம்பரம் செய்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநில பார் கவுன்சில்களுக்கு எழுதியது.

அமெரிக்காவில் 1977-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்துக்கு வழிவிட்டது. அதனால் அங்கே சாலையோரப் பலகையில்கூட விபத்து வக்கீல் படம் இருக்கும். யூடியூபில் வரும் "வக்கீலைத் தேர்ந்தெடுப்பது எப்படி" வீடியோக்களில் பல அந்த ஊர் சட்டத்தை வைத்துப் பேசுபவை. நம்ம ஊருக்கு அது பொருந்தாது. இங்கே ஒருவர் பெரிதாக விளம்பரம் செய்கிறார் என்றால், அவர் திறமைசாலி என்று அர்த்தம் இல்லை. விதியை மதிக்காதவர் என்றே அர்த்தம்.

தரகர் விஷயமும் அப்படித்தான். 2023-இல் வழக்கறிஞர்கள் சட்டத்தில் செய்த திருத்தம், நீதிமன்றத் தரகர்களின் பட்டியலை வெளியிடும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கும் மாவட்ட நீதிபதிக்கும் தருகிறது. அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவர் தரகு வேலை செய்தால் 3 மாதம் வரை சிறை, ரூ.500 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நல்ல பெயரை எப்படி விசாரிப்பது?

முதலில், வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்தவர்களிடம் கேளுங்கள். வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் எல்லோருமே "நம்ம வக்கீல் சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். ஊரில், உறவில், வேலை செய்யும் இடத்தில் விபத்து இழப்பீடு வாங்கியவர் யாராவது இருப்பார். அவரிடம் நான்கு கேள்வி போதும்: பணம் யார் கணக்குக்கு வந்தது? வக்கீல் எவ்வளவு எடுத்துக்கொண்டார், ரசீது தந்தாரா? ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேதி சொன்னாரா? நீங்கள் போனால் நேரில் பேசினாரா, குமாஸ்தாவை மட்டும் பேச விட்டாரா?

அடுத்து, விபத்து வழக்கு நடத்தாத வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள். சொத்து வழக்கோ குடும்ப வழக்கோ நடத்துபவராக இருக்கட்டும். "சார், உங்க வீட்ல ஒருத்தருக்கு விபத்துன்னா, விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ யார்கிட்ட கேஸ் குடுப்பீங்க?" என்று கேளுங்கள். அவருக்கு அதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு, மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது கவனிக்க வேண்டிய பெயர்.

மூன்றாவது, அவர் பதிவு பெற்ற வக்கீல்தானா என்று உறுதி செய்யுங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சில்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வக்கீலுக்கும் ஒரு பதிவு எண்ணும் பதிவான ஆண்டும் உண்டு. அதைக் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. உண்மையான வக்கீல் உடனே சொல்லிவிடுவார். தரகர்தான் "அதெல்லாம் எதுக்குங்க" என்பார்.

போனிலேயே வழக்கு வரலாறு பார்க்கலாம்

இகோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசுச் செயலி இலவசம். இதே வசதி இணையதளத்திலும் இருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. செயலியில் மாவட்ட நீதிமன்றங்கள் பகுதிக்குப் போய், வழக்கு நிலை என்பதைத் தொடுங்கள்.
2. மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் விழுப்புரம் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு விழுப்புரம், திண்டிவனம் என எந்த நீதிமன்ற வளாகம் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.
3. வழக்கறிஞர் மூலம் தேடும் பகுதிக்குப் போங்கள். பெயரைப் போட்டும் தேடலாம், பதிவு எண்ணைப் போட்டும் தேடலாம். ஒரே பெயரில் பல வக்கீல்கள் இருப்பார்கள் என்பதால் பதிவு எண்ணே நல்லது.
4. நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.
5. பட்டியலில் எம்.சி.ஓ.பி. என்று தொடங்கும் வழக்குகளை மட்டும் கவனியுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவுக்கு நீதிமன்றத்தில் அதுதான் பெயர்.

ஒரு வழக்கைத் தொட்டால் தாக்கல் தேதி, ஒவ்வொரு வாய்தா தேதி, அன்றைக்கு என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்பதெல்லாம் வரும். தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் அதையும் திறந்து படிக்கலாம். இதில் எதைப் பார்க்க வேண்டும்?

எத்தனை எம்.சி.ஓ.பி. வழக்குகளை முடித்திருக்கிறார் என்று பாருங்கள். எல்லா வகை வழக்கும் கலந்து, விபத்து வழக்கு ஒன்றிரண்டுதான் என்றால், அவர் நல்ல வக்கீலாக இருந்தாலும் இந்த வேலையில் பழக்கம் குறைவு. தாக்கலுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்று ஐந்தாறு வழக்குகளில் ஒப்பிடுங்கள். தாமதத்துக்கு எப்போதும் வக்கீலே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே நீதிமன்றத்தில் மற்றவர்கள் வழக்கு முடிந்து, இவருடையது மட்டும் மனுதாரர் சாட்சியத்துக்காகவே மாதக்கணக்கில் தள்ளிப்போனால் காரணம் கேட்க வேண்டியதுதான். மனுதாரர் தரப்பில் யாரும் வராததால் தள்ளுபடியான வழக்குகள் நிறைய இருந்தால் அது பெரிய எச்சரிக்கை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டியலில் சீனியர் பெயர் மட்டும் இருக்கலாம். வேலை செய்தவர் ஜூனியராக இருக்கலாம். இளம் வக்கீலுக்கு எண்ணிக்கை குறைவாக இருப்பதும் இயல்பு. ஆகவே இந்தப் பட்டியலை மட்டுமே வைத்து முடிவு செய்யாமல், நேரில் பேசும்போது கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஜெயிச்சேன்" என்றால் என்ன அர்த்தம்?

விபத்து வழக்கில் ஏதோ ஒரு தொகை கிடைப்பது பெரிய விஷயம் இல்லை. கிடைக்க வேண்டிய தொகை கிடைத்ததா என்பதே கேள்வி. அதற்குக் கணக்கு தெரிய வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 32 வயது கொத்தனார், மாத வருமானம் ரூ.15,000. கால் எலும்பு முறிந்து, இனி சாரம் ஏறி வேலை செய்வது கஷ்டம். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. ஆக 15,000 × 12 × 16 × 30 சதவீதம் = ரூ.8,64,000.

இதோடு நின்றுவிட்டால் அவருக்கு நஷ்டம். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில், சுயதொழில் செய்பவர் 40 வயதுக்கு உட்பட்டவர் என்றால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிரிழப்பு வழக்குக்கு மட்டுமல்ல, நிரந்தர ஊனம் ஏற்பட்ட வழக்குக்கும் இது உண்டு என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தெளிவாக்கியது. அதைச் சேர்த்தால் மாத வருமானம் ரூ.21,000 ஆகிறது, தொகை ரூ.12,09,600 ஆகிறது. ஒரே காயம், ஒரே மனிதர், வித்தியாசம் ரூ.3,45,600. சிகிச்சைச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாம் இதற்கு மேல் தனி.

அந்த 30 சதவீதம் எப்படி வருகிறது என்பதும் முக்கியம். மருத்துவர் தரும் ஊனச் சதவீதமும், சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே கால் முறிவு, மேசையில் உட்கார்ந்து எழுதுபவரின் வருமானத்தை அதிகம் பாதிக்காது. கொத்தனாரின் பிழைப்பையே கெடுக்கும். இதைச் சாட்சியத்தோடு எடுத்துச் சொல்வதுதான் வக்கீல் வேலை. வருமானத்துக்கு என்ன ஆதாரம் தந்தார், மேஸ்திரியையோ முதலாளியையோ சாட்சி சொல்ல வைத்தாரா, மருத்துவ வாரியச் சான்றைத் தாக்கல் செய்தாரா என்பதெல்லாம் தீர்ப்பிலேயே எழுதியிருக்கும். அவர் நடத்திய இரண்டு தீர்ப்புகளைப் படித்தாலே ஆள் எப்படி என்று ஓரளவு தெரிந்துவிடும். படிக்கச் சிரமமாக இருந்தால், கல்லூரி போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மனுவில் கேட்ட தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 இலட்சம் கேட்டு மனுப் போடுவது எளிது. தீர்ப்பில் என்ன வந்தது, மேல்முறையீட்டில் அது நின்றதா என்று பாருங்கள். விழுப்புரம் மாவட்டத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். 90 நாள் கெடு. சி.எம்.ஏ. என்ற பெயரில் அதையும் ஆன்லைனில் தேடலாம்.

கட்டணம்: சதவீதம் பேசினால் உஷார்

"வர்றதுல இத்தனை பர்சென்ட்" என்று பேசுவது பலர் காதில் விழுந்திருக்கும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சிலின் 20-வது விதி தடை செய்கிறது. அமெரிக்காவில் இது சாதாரணம். இங்கே தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம். மேலே சொன்ன கொத்தனாரின் ரூ.12,09,600-இல் 25 சதவீதம் என்றால் ரூ.3,02,400. அது அவர் குடும்பத்தின் பல வருட அரிசியும் பள்ளிக் கட்டணமும்.

வக்கீலுக்கு நியாயமான கட்டணம் கொடுக்கத்தான் வேண்டும். அவர் உழைப்பும் உழைப்புதான். முதல் சந்திப்பிலேயே மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, நகல் கட்டணம், மருத்துவர் சாட்சிக்கான செலவு எல்லாம் தனியா சேர்த்தா என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கோங்க. கொடுக்கும் பணத்தை முடிந்தவரை ஆன்லைனில் அனுப்புங்க, பதிவு இருக்கும்.

எந்த ஊர் நீதிமன்றம்?

விபத்து எங்கே நடந்ததோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எது வசதியோ அங்கே போடலாம். திண்டிவனத்துக்காரர் திருச்சிப் பக்கம் அடிபட்டாலும் சொந்த ஊர்ப் பகுதியிலேயே மனுப் போடலாம். அடிபட்ட காலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெளியூர் போக முடியுமா? "சென்னையில போட்டாத்தான் அதிகம் கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால், அதற்கு என்ன காரணம் என்று விளக்கம் கேளுங்கள்.

அரசுப் பேருந்து மோதிய வழக்குகளில் போக்குவரத்துக் கழகமே எதிர்மனுதாரராக இருக்கும். தீர்ப்பு வந்தும் தொகை வராததால் பேருந்தை ஜப்தி செய்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதனால், தீர்ப்புக்குப் பிறகு நிறைவேற்று மனுப் போட்டுப் பணத்தை வாங்கித் தரும் வேலையும் உங்கள் கட்டணத்தில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

வக்காலத்தில் வக்கீல் பெயரும் உங்கள் பெயரும் எழுதியிருக்க வேண்டும். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ, பத்திரத் தாளிலோ கையெழுத்துப் போடவே கூடாது. போட்ட ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுங்கள். அசல் ஆவணங்களைக் கொடுத்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மனு தாக்கலானதும் வழக்கு எண்ணையும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் கேளுங்கள். அந்த எண் இருந்தால் ஒவ்வொரு வாய்தாவையும் நீங்களே போனில் பார்த்துக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். இழப்பீட்டை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வழி செய்யும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வேறு யார் கணக்குக்கும் போக வேண்டிய தேவையே இல்லை.

கீழே உள்ளதில் எதையாவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்:

• "இத்தனை இலட்சம் கண்டிப்பா வாங்கித் தர்றேன்." தீர்ப்பை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.
• "அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல, வேற வண்டியைக் காட்டிடலாம்" அல்லது "லைசென்ஸ் இருக்கறவரு ஓட்டுனதா சொல்லிடலாம்." இது பொய் வழக்கு. மனு தள்ளுபடியாவதோடு உங்கள் மேலேயே கிரிமினல் வழக்கு வரும்.
• "அந்த நீதிபதி நமக்கு வேண்டியவர்."
• "பாஸ்புக்கையும் கார்டையும் குடுத்துட்டுப் போங்க."

வக்கீல் தேவைப்படாத இடம்

மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனால் அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வாகனம் மோதி உயிரிழந்தால் ரூ.2 இலட்சம், கொடுங்காயம் என்றால் ரூ.50,000. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டியதில்லை. வருவாய்க் கோட்ட அளவில் விண்ணப்பித்தால் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டுமே வருவாய்க் கோட்டங்கள்தான். இதற்குக் கமிஷன் கேட்பவரை நம்ப வேண்டாம்.

கட்டணத்துக்கே வழியில்லை என்றால்

பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் பெறச் சட்டப்படி உரிமை உண்டு. கணவரை இழந்த பெண்ணுக்கு வருமானச் சான்றுகூடத் தேவையில்லை. பெண் என்பதே தகுதி. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும், திண்டிவனத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவையும் அணுகலாம். இரண்டும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். கட்டணமில்லா எண் 15100.

வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். சீக்கிரம் பணம் கிடைக்க அது நல்ல வழி. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகையே முடிவு, மேல்முறையீடு கிடையாது. அதனால் இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும் தொகையை, மேலே பார்த்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் வாயால் நீங்களே சம்மதம் சொல்லுங்கள். "சார் சொன்னாரு, கையெழுத்துப் போட்டேன்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

தவறான ஆளிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

வக்கீலை மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கட்டணப் பாக்கியைக் காட்டி உங்கள் வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புத் தந்திருக்கிறது. முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். வழக்கு எண் தெரிந்தால் புது வக்கீல் நீதிமன்றத்திலிருந்தே நகல் எடுத்து வழக்கைத் தொடர முடியும்.

இந்தப் பக்கத்தை இப்போதே சேமித்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பி வையுங்கள். விபத்து நடந்த நாளில் இதைத் தேடிப் படிக்க யாருக்கும் மனசு இருக்காது. ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால், இன்றைக்கே இகோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியில் உங்கள் பெயரைப் போட்டு, அடுத்த வாய்தா என்றைக்கு என்று பாருங்கள்.